நிறம் போகும், உப்பு போகாது

திருப்பூர் சாயக்கழிவு என்றதும் நொய்யல் ஆற்றில் சிவப்பும் நீலமும் கறுப்புமாக ஓடிய தண்ணீர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் நிறம் அவ்வளவு பெரிய எதிரி அல்ல. சுண்ணாம்பையும் இரும்பு சல்பேட்டையும் கலந்து சாயத்தைத் திரட்டிப் படியவைத்துவிட முடியும். ஆற்றையும் கிணற்றையும் வயலையும் கெடுத்தது, கண்ணுக்கே தெரியாத உப்பு.

பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுவதில் உப்புக்கு என்ன வேலை? பருத்தி இழையைத் தண்ணீரில் நனைத்தால் அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை பெறுகிறது. பருத்திக்குப் பயன்படுத்தும் ரியாக்டிவ் சாயங்களும் தண்ணீரில் கரைந்ததும் எதிர்மின் தன்மையோடுதான் இருக்கின்றன. ஒரே மின்தன்மை கொண்டவை ஒன்றையொன்று விலக்கும் என்பதால் சாயம் இழையை அண்டாது. உப்பைக் கொட்டினால் நேர்மின் தன்மையுள்ள சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து இந்த விலக்கத்தைத் தணிக்கின்றன. சாயம் இழையைச் சேர்ந்த பிறகு சோடா ஆஷ் போட்டுக் காரத்தைக் கூட்டினால் இரண்டும் வேதிப்பிணைப்பில் இறுகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ துணி, அதைப் போல 8 மடங்கு, அதாவது 800 லிட்டர் தண்ணீர். அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால் மொத்தம் 48 கிலோ. சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடுகிறது. உப்போ சாயத்தை இழையில் சேர்த்துவிடும் தரகர் மட்டுமே. வேலை முடிந்ததும் அந்த 48 கிலோவும் அலசும் தண்ணீரோடு அப்படியே வெளியேறுகிறது. இப்படி ஒரு ஊரில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் இரவும் பகலும் ஓடினால் என்ன ஆகும்?

அதற்கு ஒரத்துப்பாளையம் பதில் சொன்னது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் கலக்கும் நொய்யலின் குறுக்கே, சென்னிமலை அருகே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அணை அது. 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் ஆற்றில் நல்ல தண்ணீர் குறைவு. வந்து சேர்ந்ததெல்லாம் மேலே இருந்து இறங்கிய கழிவு. பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவின் தொட்டியானது. சில ஆண்டுகளிலேயே இந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே சொல்ல நேர்ந்தது.

உப்புத் தண்ணீர் பயிரை எப்படிக் கெடுக்கிறது? செடியின் வேர் சவ்வூடு பரவல் மூலம் தண்ணீரை உறிஞ்சுகிறது. உப்புக் குறைந்த மண்ணீரிலிருந்து, கரைபொருள் மிகுந்த வேருக்குள் தண்ணீர் தானாகவே நகரும். மண்ணீரில் உப்பு ஏறிவிட்டால் இந்த ஓட்டம் தளர்ந்துபோகும். வயல் ஈரமாகத்தான் இருக்கும், செடி தாகத்தில் வாடும். போதாததற்கு, களிமண்ணில் இருக்கும் கால்சியத்தை விரட்டிவிட்டு சோடியம் அந்த இடத்தில் உட்காரும். மண் துகள்கள் சிதைந்து நுண்துளைகள் அடைபடும். அதன் பிறகு மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்காது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் கழிவுநீரை ஆற்றில் விடக்கூடாது என்பது விதி. சாயக்கழிவில் இருப்பதோ இதைவிடப் பல மடங்கு. தொண்ணூறுகளின் இறுதியில் கட்டப்பட்ட பொது சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன, ஆனால் உப்பைத் தொடவே இல்லை. நிறம் எடுக்கப் போட்ட ரசாயனங்களே கரைந்த உப்பின் அளவைக் கூட்டியதும் உண்டு. தெளிந்த தண்ணீர் வெளியே வந்தது, கெடுதல் மட்டும் தெளியவில்லை. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாது என்று 2006-இல் உயர் நீதிமன்றமும், 2009-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லின. அது நடக்காமல் போகவே, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் அவற்றின் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது.

மீண்டும் திறக்க வழிவிட்ட ஏற்பாட்டுக்கு ஜீரோ டிஸ்சார்ஜ் என்று பெயர். பட்டறைகளிலிருந்து குழாயில் வரும் கழிவு முதலில் ஒரு பெரிய தொட்டியில் கலந்து சமன்படுகிறது. அடுத்த தொட்டியில் காற்றை ஊதுவார்கள்; அதில் வளரும் பாக்டீரியாக்கள் கரிமப் பொருள்களைத் தின்று தீர்க்கும். மீந்த நிறமும் நுண்துகள்களும் வடிகட்டிகளில் தங்கும். உப்பைப் பிடிக்கும் வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அதைச் செய்யும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) இயந்திரத்தின் தத்துவம், வேரில் நடப்பதன் தலைகீழ். மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் உப்புநீர், மறுபக்கம் நல்ல நீர் இருந்தால், இயல்பாக நல்ல நீர்தான் உப்பை நோக்கிப் போகும். அந்த இழுவிசையை மிஞ்சும் அழுத்தத்தை உப்புநீரின் மேல் கொடுத்தால் தண்ணீர் எதிர்த்திசையில் சவ்வைக் கடக்கும், உப்பு பின்தங்கும். ஆனால் தண்ணீர் பிரியப் பிரிய மிஞ்சிய கரைசல் கெட்டியாகும், தேவைப்படும் அழுத்தமும் ஏறும். கடல்நீர் அளவுக்கு உப்பிருந்தால் அந்த இழுவிசையைச் சமாளிக்க மட்டுமே வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 27 மடங்கு வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் சவ்வால் முடியாது.

அங்கிருந்து எவாபரேட்டர். வரிசையாக நிற்கும் கலன்களில் உப்புக் கரைசலைக் கொதிக்கவைக்கிறார்கள். முதல் கலனில் எழும் ஆவியே அடுத்த கலனுக்கு அடுப்பு. அடுத்தடுத்த கலனில் காற்றழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவதால் குறைந்த சூட்டிலேயே கொதி வரும், எரிபொருள் மிச்சமாகும். சாயமேற்றச் சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட் போட்டிருந்தால் இன்னொரு வசதி உண்டு. 32 டிகிரி செல்சியஸில் தண்ணீரில் தாராளமாகக் கரையும் அது, 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் பெருமளவு படிகமாகப் பிரிந்துவிடும். அதை மறுபடி சாயத்தொட்டியில் போடலாம். தெளிந்த உப்புக் கரைசலை அப்படியே பட்டறைக்குத் திருப்பி அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. ஆர்.ஓ. கொடுத்த நல்ல தண்ணீரும் பட்டறைக்கே திரும்புகிறது.

கதை இத்துடன் சுபமாக முடிவதில்லை. குளோரைடும் சல்பேட்டும் கலந்து கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பைச் சாயத்துக்குப் பயன்படுத்த முடியாது. மழையில் கரைந்து மறுபடி மண்ணுக்குப் போகாதபடி கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிவைக்கிறார்கள். எவாபரேட்டரின் நீராவிக்குக் கொதிகலனில் எரிபொருள் எரிகிறது. ஆற்றைக் காப்பாற்றும் செலவில் ஒரு பங்கை ஆகாயம் தருகிறது. இவ்வளவு செலவு பிடிப்பதால், இருட்டில் ஓடையில் திறந்துவிடும் ஆசை எப்போதும் பக்கத்திலேயே காத்திருக்கும். கண்காணிப்பு தளர்ந்தால் இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. நகரங்களின் சாக்கடையை நொய்யலில் விடாமல் தடுப்பதும் தனி வேலை, இந்த இயந்திரத்தின் கையில் அது இல்லை.

கரிமக் கழிவைப் பாக்டீரியா தின்று தீர்க்கும். உப்பைத் தின்ன எந்த உயிரும் இல்லை. அதை ஆற்றிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து கொட்டகைக்கும் இடம் மாற்றலாமே தவிர அழிக்க முடியாது. அதனால்தான் குறைந்த தண்ணீரில் ஓடும் இயந்திரங்கள், குறைந்த உப்பில் ஏறும் சாயங்கள், பருத்தியின் மேற்பரப்பையே நேர்மின் தன்மைக்கு மாற்றி உப்பின் தேவையைக் குறைக்கும் முறை ஆகியவை முக்கியமாகின்றன. சாயத்தொட்டியில் போடாமல் விட்ட ஒரு கிலோ உப்புக்கு ஆர்.ஓ.வும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், கொட்டகையும் வேண்டாம். நீர் மாசைக் கட்டுப்படுத்துவதில் இதைவிட மலிவான வழி கிடையாது.