திரை அசல்தான், போனுக்குப் பிடிக்கவில்லை

இரண்டு ஐபோன் 13 வாங்கி, ஒன்றின் திரையைக் கழற்றி மற்றொன்றில் மாட்டினால் என்ன ஆகும்? இரண்டும் அசல் திரைகள், ஒரே கம்பெனி. ஆனாலும் 2021-இல் அந்த மாடல் வந்த புதிதில், திரையை மாற்றியதுமே ஃபேஸ் ஐடி வேலைநிறுத்தம் செய்தது. திரையிலுள்ள சின்னஞ்சிறு சிப்பின் அடையாளம் போனோடு பொருந்தவில்லை என்பதுதான் காரணம். கைதேர்ந்த மெக்கானிக்குகள் மைக்ரோஸ்கோப்பின் கீழ் பழைய சிப்பைப் பெயர்த்து, புதுத் திரையில் பற்றவைத்துச் சமாளித்தார்கள். எதிர்ப்பு வலுக்கவே, ஆப்பிள் மென்பொருளைத் திருத்தியது.

உதிரிபாகத்தை இப்படிக் கருவியோடு பிணைத்துப் பூட்டுவதற்குத் தடை போட்ட முதல் அமெரிக்க மாநிலம் ஓரிகன். 2024 மார்ச்சில் ஆளுநர் டீனா கோடெக் கையெழுத்திட்ட சட்டம், 2025 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. உதிரிபாகம், பழுதுபார்க்கத் தேவையான உபகரணம், கையேடு எல்லாவற்றையும் நியாயமான நிபந்தனைகளில் வெளிக்கடைகளுக்கும் வாடிக்கையாளருக்கும் கம்பெனிகள் தந்தாக வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆப்பிள் எதிர்த்துப் பார்த்தது, எடுபடவில்லை.

ஓட்டைகளும் உண்டு. பிணைப்புத் தடை 2025 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் கருவிகளுக்குத்தான். ஏற்கெனவே கையிலிருக்கும் போனுக்கு அது பொருந்தாது. வீடியோ கேம் கன்சோல்களுக்கு விலக்கு. ஏனோ, மின்சார டூத்பிரஷ்ஷுக்கும்!