ஐரோப்பாவில் வீட்டு வண்டிப் பயணம்: தங்கும் இடத்துக்கும் அடக்க விலை பாருங்கள்!

கடையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போவது நம் தொழிலில் எளிதான காரியமன்று. ஒரு வாரம் கதவு மூடியிருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் பழகிவிடுவார். மளிகைக் கடை வைத்த நாள் முதல், திருமணம், துக்கம் தவிர வேறு எதற்கும் நாங்கள் கணவனும் மனைவியுமாக வெளியூரில் தங்கியதில்லை. நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மகன் விடாமல் வற்புறுத்தியதால், 2023 ஜூன் மாதம் கடையைத் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு, மகனோடு 12 நாட்கள் வீட்டு வண்டியில் நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று சுற்றி வந்தோம். அங்கே கற்ற கணக்கு நம் சங்க உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறோம்.

கேரவன் என்றால் நமக்குச் சினிமா நடிகர்களின் வண்டிதான் நினைவுக்கு வரும். உண்மையில் அது வணிகர்களின் சொல். கூட்டமாகச் சரக்கு கொண்டுபோன வணிகர் குழுவைப் பாரசீகத்தில் ‘கார்வான்’ என்றார்கள். நம் தமிழில் அதற்குச் ‘சாத்து’ என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பதும் அதே சாத்துதான். உல்லாசப் பயணத்துக்கு என்றே ஒரு கேரவனை 1885-இல் பிரிட்டனில் கட்டச் செய்தவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர். அதைக் குதிரைகள் இழுத்தன. இன்று காருக்குப் பின்னால் இழுத்துச் செல்வது கேரவன். தானே ஓடுவது மோட்டார் ஹோம். நாங்கள் வாடகைக்கு எடுத்தது இரண்டாவது வகை. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே உண்டு.

பலகை விலையும் அடக்க விலையும்

மூட்டை விலையை மட்டும் பார்த்து நாம் கொள்முதல் செய்வதில்லை. லாரி வாடகை, இறக்குகூலி, கழிவு எல்லாம் சேர்த்து அடக்க விலை போட்ட பிறகுதான் பேசுவோம். ஆனால் ஊர் மாறியதும் அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டோம்.

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் ஒரு கேம்பிங் தளத்தின் பலகையில் 12 யூரோ என்று போட்டிருந்தது. மலிவு என்று உள்ளே போனோம். காலையில் பில் வந்தது. இடத்துக்கு 12, தலைக்கு 5 வீதம் மூவருக்கு 15, மின்சாரம் 4.50, சுற்றுலா வரி 1.80, ஆக 33.30 யூரோ. சற்று முன்னால் ‘விலை அதிகம்’ என்று கடந்து வந்த தளத்தில் மூவருக்கும் மின்சாரத்தோடு 27 யூரோ. வரி சேர்த்தாலும் 28.80தான். ஒரே இரவில் 4.50 யூரோ கைவிட்டுப் போயிற்று. அவர்கள் ஏமாற்றவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை.

அடுத்த தளத்திலிருந்து நான்கு கேள்விகளைக் கேட்ட பிறகே வண்டியை உள்ளே விட்டோம். ஆளுக்கு எவ்வளவு? மின்சாரம் சேர்த்தா, தனியா? வெந்நீர்க் குளியலுக்குக் காசு உண்டா? வரி எவ்வளவு? நகரத்தைப் பார்க்க வந்தவர்கள் ஐந்தாவதாக ஒன்றும் கேட்க வேண்டும்: பஸ் அல்லது டிராம் நிறுத்தம் எவ்வளவு தூரம்? ஊருக்கு வெளியே மலிவான இடம் பிடித்துவிட்டு, போக்குவரத்துக்கும் வண்டி நிறுத்தக் கட்டணத்துக்கும் அழுதால் அடக்கம் கட்டாது.

தேங்கும் சரக்குக்குத் தள்ளுபடி

ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் அங்கே பள்ளி விடுமுறைக் காலம். நமக்குத் தீபாவளி போல, அப்போது விலை இறங்காது. அதற்கு முன்னும் பின்னும் இடங்கள் காலியாகக் கிடக்கும். இன்று இரவு விற்காத இடத்தை நாளை விற்க முடியாது. அழுகும் தக்காளியின் கதைதான்.

இதைப் புரிந்துகொண்டு நெதர்லாந்தின் ஏ.சி.எஸ்.ஐ. நிறுவனம் 2004 முதல் ஒரு தள்ளுபடி அட்டை வழங்கி வருகிறது. அட்டையில் சேர்ந்த தளங்களில், கூட்டம் குறைந்த காலத்தில், இருவருக்கு இடம், வெந்நீர்க் குளியல், குறிப்பிட்ட அளவு மின்சாரம் எல்லாம் ஒரே நிலையான விலையில் அடங்கும். மூன்றாவது ஆளுக்கும் வரிக்கும் தனியாகத் தர வேண்டும்.

இன்னும் சிக்கனம் வேண்டுவோருக்கு, மோட்டார் ஹோம் மட்டும் நிறுத்தும் இடங்கள் ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஏராளம். பலவற்றில் குளியலறை இராது. வண்டியில் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

இடம் கொடுத்தால் வியாபாரம் வரும்

வணிகர் என்ற முறையில் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது ‘பிரான்ஸ் பாசியோன்’ என்னும் ஏற்பாடு. 1993-இல் தொடங்கியது. ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினரானால், பிரான்ஸ் முழுவதும் உள்ள திராட்சைத் தோட்டக்காரர்கள், விவசாயிகள், பாலாடைக்கட்டி செய்பவர்கள் தங்கள் இடத்தில் 24 மணி நேரம் வரை இலவசமாக வண்டி நிறுத்த விடுகிறார்கள். கழிப்பறை வசதி வண்டியிலேயே இருக்க வேண்டும். பொருள் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அல்சாஸ் பகுதியில் கொல்மார் நகருக்கு அருகே அப்படி ஒரு தோட்டத்தில் தங்கினோம். நாங்கள் மது அருந்துவதில்லை என்றோம். தோட்டக்காரர் சிரித்தபடி திராட்சைச் சாறு கொடுத்தார். ‘வாங்குங்கள்’ என்று ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் காலையில் நாங்கள் இரண்டு பாட்டில் சாறு வாங்கினோம். அன்று அங்கே நின்ற மற்ற மூன்று வண்டிக்காரர்களும் வெறுங்கையோடு கிளம்பவில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

1. மின்சாரம் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 6 ஆம்பியர் என்றால் சுமார் 1,380 வாட்தான். 2,000 வாட் கெட்டிலைப் போட்டு ஒரு நாள் எங்கள் வண்டியை இருட்டாக்கினோம்.

2. சாதாரண கார் உரிமத்துக்கான மோட்டார் ஹோம்கள் ஆளும் சரக்கும் சேர்த்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. தொட்டியில் 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. அரிசி மூட்டையை ஏற்றுமுன் கணக்குப் பாருங்கள்.

3. நெதர்லாந்தில் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கக் கூடாது. அபராதம் விழும்.

ஊர் திரும்பிச் சிட்டையைப் புரட்டினோம். பயந்தபடி கடை ஒன்றும் முழுகிவிடவில்லை. இரண்டு வாடிக்கையாளர் மட்டும் எதிர்க்கடைக்குப் போயிருந்தார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார். இப்போது கடை வாசலில் ஒரு பெஞ்சும் தண்ணீர்ப் பானையும் வைத்திருக்கிறோம். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உட்காருகிறார்கள். அதனால் வியாபாரம் கூடியதா என்று கேட்டால், கணக்கில் தனியாகத் தெரியவில்லை. ஆனால் உட்காருகிறவர்கள் முகம் எங்களுக்குப் பழகிவிட்டது.