கால்களை எண்ணிப் பாருங்கள்



ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்ததும் நம் பங்கு இளைஞர் ஒருவர் தமது கேமராவின் சிறு திரையை நம்மிடம் நீட்டினார். மாவிலையின் மேல் செந்நிற எறும்பு ஒன்று. "முசுறுதானே தம்பி, இதில் என்ன இருக்கிறது?" என்றோம். "கால்களை எண்ணிப் பாருங்கள், ஃபாதர்" என்றார். எண்ணினோம். எட்டு!

எறும்புக்கு ஆறு கால்கள்தானே. இதுவோ எறும்பின் உருவத்தைப் போர்த்துக்கொண்ட தாவும் சிலந்தி. முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி, உணர்கொம்புகளைப் போல ஆட்டிக்கொண்டு திரிகிறது. முசுறு கூட்டமாக வந்து கடிக்கும் என்பதால் பல உயிரினங்கள் அதை நெருங்குவதில்லை; அந்த அச்சத்தின் நிழலில் இச்சிலந்தி பிழைத்துக்கொள்கிறது. உசுப்பினால் நூல் விட்டுக் கீழே இறங்கிவிடும்; அப்போது வேடம் கலைந்துவிடும்.

இவ்வகைப் படத்தை 'மேக்ரோ' என்கிறார்கள். பொருளின் உண்மை அளவே கேமராவின் உணர்பரப்பில் விழ வேண்டும் என்பது அதன் இலக்கணம். அவ்வளவு நெருங்கும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான், சில வேளை அதுவும் இல்லை. கண் தெளிந்தால் கால் மங்கும். ஆகவே முதலில் கண்ணைப் பிடிக்க வேண்டும். அதற்கும் வளையத்தைத் திருப்பாமல், மூச்சை அடக்கி, உடலையே முன்னும் பின்னும் அசைக்கிறார்கள். துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் வெளிச்சம் குறையும். எனவே ஃபிளாஷுக்கு முன் மெல்லிய வெள்ளைத்தாளைக் கட்டி ஒளியை மென்மையாக்குவார்கள். விலை உயர்ந்த லென்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. சாதாரண 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்ட ஒரு வளையம் போதும். கைபேசியில் செருகும் சிறு லென்ஸும் உண்டு.

மார்கழி விடியலே இதற்கு நல்ல நேரம். வெயில் ஏறி உடல் சூடாகும்வரை தட்டான் பறக்காது. சிறகெல்லாம் பனித்துளியோடு அமர்ந்திருக்கும். மழைக்குப்பின் முளைக்கும் காளானோ பறந்து போகாது, ஆனால் சில நாள்களில் அழுகிவிடும். அதன் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளைப் பார்க்கத் தரையில் படுக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய நம் முழங்கால்கள் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை!

பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மரக்கச் செய்து, பிறகு இலையில் உட்கார வைத்துப் படமெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் படம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தபோது, சுற்றிலும் புதர்க்காடாக இருந்தது. அதன் 365 ஏக்கர் வளாகமும், நன்மங்கலம் காப்புக்காடும், வண்டலூர்ப் பக்கமும் இன்று எஞ்சிய பசுமைத் தீவுகள். ஆனால் நம் இளைஞர் அங்கெல்லாம் போகவில்லை. அவர் தெருவில் எருக்கும் தும்பையும் மண்டிய காலி மனையொன்று உண்டு. ஓரத்தில் ஒரு மாமரம். சிலந்தி அதில்தான் இருந்தது.

சென்ற வாரம் அம்மனையில் கடைக்கால் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். மரம் இன்னும் நிற்கிறது. வெட்டுவதற்கு முந்தின நாள் தமக்குச் சொல்லும்படி மேஸ்திரியிடம் கேட்டு வைத்திருக்கிறாராம்.