அழைத்தும் வாராத நாய்

பெங்களூரில் குடியேறிய நம்மவர் சிலர், ஊர் நினைவாக இராஜபாளையம் நாய்க்குட்டியைக் கொணர்ந்து வளர்க்கின்றனர். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற இனம் அது; பெருமைக்குக் குறைவில்லை. ஆயினும், அழைத்தும் வாராத குட்டியைப் பிடிவாதம் மிக்கதென்று அடிப்பதையும் காண்கிறோம். வெண்ணிறத்தோடு தொடர்புடைய பிறவிச் செவிடு இவ்வினத்தில் அரிதன்று. குட்டி உறங்குகையில், தரை அதிராதவாறு, பின்புறமிருந்து கைதட்டிப் பார்த்தல் வேண்டும். காது அசையாவிடில், ஹெப்பாலில் 1958இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டலாம்.

செவி கேளாத நாயும் கைச்சைகையால் நன்கு பழகும். உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டி, அது அமர்ந்த அக்கணமே ஒரு துண்டு இறைச்சி தருக. சைவ இல்லமாயின் பன்னீரும் போதும்; நாய்க்கு அதில் மனத்தாங்கல் இல்லை. உறங்கும்போது திடுமெனத் தொடலாகாது, அஞ்சிக் கடித்துவிடக்கூடும். மோட்டார் ஒலியும் கேளாதாகையால், வீதியில் கழுத்துவாரை ஒருபோதும் அவிழ்த்தலாகாது.