உங்களுக்குத் தெரியுமா? பெற்றோர் பாசிட்டிவ், பிள்ளை நெகட்டிவ்!

● ரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அப்பா தந்தது, இன்னொன்று அம்மா தந்தது. ஏ, பி இரண்டுக்கும் சம பலம். சேர்ந்து வந்தால் ஏபி. ஓ மட்டும் அவற்றுக்கு அடங்கிப் போகும். இரு பக்கமிருந்தும் ஓ வந்தால்தான் ஒருவர் ஓ வகை.

● கணவர் ஏ, மனைவி பி. இருவருக்குள்ளும் ஓர் ஓ மறைந்திருந்தால், பிள்ளை ஏ, பி, ஏபி, ஓ ஆகிய நான்கில் எதுவாகவும் பிறக்கலாம்.

● ஒருவர் ஏபி, மற்றவர் ஓ என்றால் பிள்ளைக்கு ஏ அல்லது பி வரும். அப்பாவின் வகையும் வராது, அம்மாவின் வகையும் வராது!

● பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது தனிக் கணக்கு. ஏபிஓ மரபணு இருப்பது 9ஆவது குரோமோசோமில். பாசிட்டிவா நெகட்டிவா என்று தீர்மானிக்கும் ஆர்ஹெச் மரபணு இருப்பது 1ஆவது குரோமோசோமில். சிவப்பணுவின் மேல் ‘டி’ என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். பாசிட்டிவான கணவன், மனைவி இருவருமே தங்களுக்குள் ஒரு நெகட்டிவ் பிரதியைச் சுமந்திருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தை நெகட்டிவாகப் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இது மிகச் சாதாரணமாக நடப்பது. இதைக் காரணம் காட்டி எந்தப் பெண்ணையும் சந்தேகிப்பது அநியாயம்.

● ரத்த வகைகளை வியன்னாவில் கண்டுபிடித்தவர் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர். 1901இல் வெளியிட்டார், 1930இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூன் 14தான் உலக ரத்ததான தினம். ஆனால் அவை வாரிசுகளுக்கு எப்படிப் போகின்றன என்ற சரியான விதியை 1924இல் வகுத்தவர் மருத்துவர் அல்ல. ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர்.

● ஒரு நடிகையின் குழந்தைக்குத் தந்தை என்று சார்லி சாப்ளின் மீது வழக்கு தொடரப்பட்டது. தாய் ஏ, குழந்தை பி, சாப்ளின் ஓ. குழந்தையின் பி தந்தையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஓ வகைக்காரரிடம் அது கிடையாது. ஆனாலும் 1945இல் கலிஃபோர்னியா ஜூரிகள் அவர்தான் தந்தை என்றார்கள். ரத்தப் பரிசோதனையை முடிவான சாட்சியாக அன்றைய சட்டம் ஏற்கவில்லை.

● ரத்ததான முகாமில் கவனித்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் நீல நிற மருந்து, அடுத்ததில் மஞ்சள், மூன்றாவதில் நிறமில்லாதது. குச்சியால் கலக்கி, தகட்டை மெல்ல ஆட்டுவார்கள். நீலச் சொட்டு திரிந்த பால் போலத் திட்டுத்திட்டானால் ஏ. மஞ்சள் ஆனால் பி. இரண்டும் ஆனால் ஏபி. இரண்டுமே ஆகாவிட்டால் ஓ. மூன்றாவது சொட்டு திட்டானால் பாசிட்டிவ்.

● இந்தத் தகடு ஏமாறும் இடமும் உண்டு. அதுதான் ‘பாம்பே’ வகை. 1952இல் மருத்துவர் பெண்டேயும் அவரது குழுவினரும் மும்பையில் கண்டறிந்தது. ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான ‘ஹெச்’ என்ற பொருளே இவர்களின் சிவப்பணுவில் இருக்காது. உள்ளே ஏ மரபணு இருந்தாலும் வெளியே தெரியாது. சாதாரணப் பரிசோதனை ‘ஓ’ என்றே காட்டும். அந்த மறைந்த ஏ பிள்ளைக்குப் போகும்போது, பார்வைக்கு ஓ வகையான தம்பதிக்கு ஏ வகைக் குழந்தை! இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவர் இந்த வகை. இவர்களுக்கு ஓ ரத்தமும் சேராது. பாம்பே ரத்தமே வேண்டும். வகை பொருந்தவில்லை என்று குடும்பத்தில் பேச்சு எழுந்தால், தீர்ப்புச் சொல்லும் முன் ரத்த வங்கியில் முழுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

● தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் கவனம் தேவை. பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் சிறிது தாயின் ரத்தத்தில் கலந்து, அவர் உடலில் எதிர்ப்பொருள் உருவாகலாம். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால், அதன் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் அழிக்கும். கடும் ரத்தசோகை, மஞ்சள் காமாலை, சில நேரம் மரணம்கூட நேரும். ஆன்டி-டி ஊசி இதைத் தடுக்கிறது. வழக்கமாகக் கர்ப்பத்தின் 28ஆவது வாரத்தில் ஒன்று. குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று.

● அந்த மருந்து மனிதர்கள் தானமாகத் தரும் பிளாஸ்மாவிலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 81 வயது வரை 1,100 முறைக்கு மேல் தானம் கொடுத்தார். 2025இல் காலமானார்.

● கருச்சிதைவு ஆனாலும், கருப்பைக்கு வெளியே கரு தங்கினாலும், கர்ப்பிணிக்கு வயிற்றில் அடிபட்டாலும், அவர் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். துக்கத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் நெகட்டிவ் வகைப் பெண்ணுக்குக் கரு கலைந்திருந்தால், அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்: “ஆன்டி-டி போட்டாச்சா டாக்டர்?”