பால் பல்லையும் காப்போம்
சர்க்கரை இல்லாத சூயிங்கம் உதவுமா?



"பால் பல்லுதானே, எப்படியும் விழப்போவுது" என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் விழ 10, 12 வயது ஆகும். அதுவரை சொத்தை பொறுத்திருக்குமா? வலி வந்தால் பிள்ளை சோறு மெல்லாது, ராத்திரி தூங்காது.

சொத்தை எப்படி வருகிறது?

பல்லில் பூச்சி எதுவும் இல்லை. பல்லில் படியும் அழுக்கில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வாழ்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. ஒரு தடவை இனிப்புத் தின்றால் சுமார் அரைமணி நேரம் அந்த அமிலம் பல்லை அரிக்கும். பிறகு உமிழ்நீர் அதை முறித்து, பல்லுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பித் தரும். நாள் முழுக்க மிட்டாய் சப்பினால் உமிழ்நீருக்கு அந்த அவகாசமே கிடைக்காது.

சூயிங்கம் என்ன செய்யும்?

மெல்லும்போது உமிழ்நீர் நிறையச் சுரக்கிறது. சில சூயிங்கங்களில் சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்க்கிறார்கள். அது இனிக்கும், ஆனால் கிருமிகளால் அதை அமிலமாக்க முடியாது. பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரில் 1970-களில் நடந்த ஆராய்ச்சியில், சர்க்கரை உண்டவர்களைவிடச் சைலிட்டால் உண்டவர்களுக்குப் புதுச் சொத்தை மிகக் குறைவாக இருந்தது.

விழுங்காமல் மென்று துப்பத் தெரிந்த பெரிய பிள்ளைகள், சாப்பிட்டபின் 20 நிமிடம் இதை மெல்லலாம். சின்னக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சினால் வயிற்றுப்போக்கு வரும். சர்க்கரை போட்ட சூயிங்கம் பல்லுக்குக் கேடு. உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

காசு கொடுத்து இதை வாங்கித்தான் ஆகணுமா? தேவையில்லை. இது துணைதான். பல் துலக்குவதற்கு ஈடாகாது.

முக்கியமாகச் செய்ய வேண்டியவை

1. காலையிலும் படுக்கும் முன்பும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் துலக்கிவிடுங்கள். 3 வயதுக்குள் அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு பசை போதும்.

2. சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள்.

3. இடைவேளையில் மிட்டாய்க்குப் பதில் கொய்யா, வெள்ளரி, சுண்டல் கொடுங்கள்.

4. சுமார் 6 வயதில், பால் பல் வரிசைக்குப் பின்னால் புதுக் கடைவாய்ப் பல் முளைக்கும். அது விழுந்து முளைக்கும் பல் அல்ல. அதைத் தனியாகக் கவனித்துத் துலக்குங்கள்.

5. பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் குழியோ தெரிந்தால், வலி வரும்வரை காத்திராமல் அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ராத்திரி பிள்ளைக்குப் பல் துலக்கிவிடுவது அம்மாவின் வேலை மட்டுமல்ல, அப்பாவும் செய்யலாம். இரண்டே நிமிடம்தான். இன்று இரவே தொடங்குங்கள்!