கோட்டைக்குக் காவல், கல் வீட்டுக்கு இல்லை

புது தில்லி: பெங்களூருவில் திப்பு சுல்தானின் அரண்மனையும், கோட்டையின் எஞ்சிய பகுதியும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அதே வட்டாரத்தின் கருங்கல்லால் எழும்பிய கிராமத்து வீடுகளுக்கும் தோட்டச் சுவர்களுக்கும் அத்தகைய காவல் கிடையாது.

தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் ஆஸ்டின் டவுனுக்குத் தென்மேற்கே, சில கி.மீ. தொலைவில் லால்பாக் பாறை உள்ளது. ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையான இது, தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. இப்பாறையினமே இப்பகுதிக் கட்டடக் கலைக்கு ஆதாரம்.

பாறை மீது விறகுத் தீ மூட்டி மெல்ல நகர்த்தினால், சூட்டில் விரியும் மேலடுக்கு அடிப்பாறையிலிருந்து பிரியும். பெங்களூரு அருகே இம்முறையில் 60 அடி நீளம், 40 அடி அகலமுள்ள பலகைகள் வரை பெயர்க்கப்பட்டதை எச். வார்த் என்பவர் 1895-இல் "நேச்சர்' இதழில் பதிவு செய்தார்.

பெரும் பலகைகள் உளியால் சிறு பலகைகளாகப் பிளக்கப்பட்டன. அவற்றின் அடிப்பகுதியை மண்ணில் புதைத்து, பக்கம் பக்கமாக நிறுத்தினால் தோட்டச் சுவர் தயார், சாந்து தேவையில்லை. வீடுகளில் கல் தூண்கள் மீது அதே பலகைகள் கூரையாகப் பரப்பப்பட்டன. கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. எனவே, அறையின் அகலத்தைப் பலகையின் நீளமே தீர்மானித்தது.

இவற்றுக்குச் சட்டத்தில் இடம் எங்கே? 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம், குறைந்தது 100 ஆண்டுகள் பழமையான, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களையே காக்கிறது. 2010-இல் செய்யப்பட்ட திருத்தம், அச்சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை விதித்தது. வயதால் மட்டும் எந்த வீடும் இவ்வரம்புக்குள் வந்துவிடுவதில்லை.

தேசிய முக்கியத்துவம் பெறாத பழஞ்சின்னங்கள், அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலைச் சார்ந்தவை. ஆகவே, பொறுப்பு தில்லியைவிட மாநிலத் தலைநகரங்களுக்கே அதிகம். நகரமைப்பு விதிகள் மூலம் கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிடும் முறையை மும்பை 1995-இலேயே கொண்டுவந்தது. அதில் தனியார் வீடுகளுக்கும் இடமுண்டு.

பெங்களூருவிலோ, லால்பாக் வளாகத்துக்குள்ளேயே இருந்த பழைமையான கிரும்பீகல் மண்டபம் 2017 நவம்பரில் இடிக்கப்பட்டது. அரசுத் தோட்டத்தில் இருந்த கட்டடத்துக்கே இந்நிலை என்றால், நகரம் விழுங்கி வரும் கிராமங்களின் கல் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சாந்தில்லாத பலகைச் சுவரைப் பெயர்க்க ஒரு பகல் போதும். எவை எங்கே உள்ளன என்ற பட்டியல் இல்லாவிடில், போனதைக் கணக்கிடவும் வழியிராது.